மூணாம் நம்பர் கேமரா

மூணாம் நம்பரில் ஈ மொய்க்குது என்றார்
ஐஸ் ஃபேக்டரி பாக்கியநாதன்.
காசிமேட்டில் ஈ மொய்க்காத இடம் எது என்று
நான் கேட்கவில்லை. ஏணி போட்டேன்.

ஒயரின் கழுத்தை உப்புக்காற்று தின்றிருந்தது.
பித்தளையில் பச்சை.
ஒரு ஜாண் வெட்டி எறிந்து
புதுப் பின் நசுக்கி, கிரீஸ் அப்பி, டேப் சுற்றினேன்.
பாதி ஈ பறந்தது.

மிச்சத்தில் ஒரு பட்டை.
திரையின் அடியில் முளைத்து மெல்ல ஏறி
உச்சியில் மறைந்து திரும்ப அடியில் முளைக்கும்.
அலை மாதிரி இல்லை, அலைக்கு அவசரம் உண்டு.
கம்ப்ரசர் ஓடினால் தடிக்கும், நின்றால் மெலியும்.
அந்த ஒயருக்கு இரண்டு பூமி:
தூணில் ஒன்று, ஆபீசில் ஒன்று.
நடுவே அரை வோல்ட் மனஸ்தாபம்.
சைக்கிள் டியூப் வெட்டிக் கேமராவுக்கு அடியில் வைத்தேன்,
நைலான் வாஷர் போட்டு முடுக்கினேன்.
பட்டை போச்சு.

"இன்னும் இருக்கே, ரவை கொட்டுன மாதிரி."
இருட்டு சார். ஒரு டியூப்லைட் போட்டா போயிடும்.
"கரண்ட் பில்லை நீ கட்டுவியா?"

மெனுவுக்குள் போனேன்.
இரைச்சல் குறைப்பு: ஒன்று முதல் ஆறு வரை.
ஆறு வைத்தேன்.
போன படத்தையும் வந்த படத்தையும் குழைத்துச்
சராசரி எடுக்கும் வித்தை அது.
அசையாதது நிஜம். துள்ளுவது அழுக்கு.

சுவர் வந்தது, அப்படியொரு சுவர்.
காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் எண்ணலாம்.
அபாயப் பலகை மண்டையோட்டுக்குப் பல்கூடத் தெரிந்தது.
பாக்கியநாதன் தொடையில் தட்டிக்கொண்டார்.

மணி மூன்றரை. லோடு நேரம்.
கன்னியப்பன் கொக்கி போட்டுப் பாரை இழுத்து வருகிறான்
என்பது எனக்குச் சத்தத்தில் தெரியும்.
திரையில் ஒரு புகை,
புகைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கறை.
போனது. வந்தது. பதினாறு தடவை.
பதினேழாவதுக்கு முன்னால்
அவன் நின்று பீடி பற்றவைத்தான்.
கை கூடியது, தோள் கூடியது,
முகம் வந்தது, மீசை வந்தது.

"பாத்தியா," என்றார் பாக்கியநாதன்,
"ராத்திரி பூரா நின்னு பீடிதான் குடிக்கிறான்."

நான் இரண்டுக்கு இறக்கினேன்.
சுவர் மங்கியது. ரவை கொட்டியது.
அதற்குள்ளே ஓர் ஆள் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இதுக்கு மேல போகாது சார் என்றேன்.
பின் இரண்டு, வாஷர் நாலு, கூலி நானூறு.
ஈக்கு ஐம்பது பிடித்துக்கொண்டு கொடுத்தார்.