பதினான்காவது

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
குளிர்காலம் என்றால் ஜனவரி,
கோடை என்றால் ஜூலை.
அச்சடித்த ஊரில் அப்படி.

டெர் ரூஜ் கழிமுகத்தில்
ஜூலை இருபது, காலை ஏழு மணிக்கு
சதாசிவென் போட்டிருப்பது இரண்டு ஸ்வெட்டர்.
பிளாஸ்கில் வனிலாத் தேநீர்.
எனக்கு விரல் மரத்துப்போய்
பைனாகுலரின் திருகு பிடிபடவில்லை.

மின்நிலையத்துப் புகை சாய்ந்தபடி கடலுக்குப் போகிறது.
சதுப்பு காலி.
எண்ண வந்தவர்கள் காலி என்று சொல்லக் கூடாது.

நவம்பரில் வளைமூக்கு உள்ளான்கள்
சேற்றைத் தையல் போட்டுக்கொண்டே போகும்;
ஐம்பது ஐம்பதாகக் கண்ணால் வெட்டிக் கூட்டுவோம்.
ஏப்ரல் கடைசியில் மார்பு சிவந்து, கொழுத்து,
ஓர் அந்தியில் எழுந்தால் சைபீரியா.
மீந்தவை முதல் வருடத்துப் பிள்ளைகள்.
வழி தெரியாமலா, அவசரமில்லாமலா,
யாரும் கேட்டுப் பதில் வாங்கியதில்லை.
பழுப்புச் சட்டையைக்கூட மாற்றாமல்
நீர் விளிம்பில் நிற்கின்றன.

நான் பதின்மூன்று என்றேன்.
அவன் பதினான்கு.
இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகச் சுங்கத்தில்
கன்டெய்னர் எண்ணுகிறவன்,
விட்டுக்கொடுக்க மாட்டான்.
நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்பவள்.

சேர்ந்து எண்ணினோம், இடமிருந்து.
கோட்டான் இரண்டு; ஒன்று நொண்டி.
உப்புக்கொத்தி நான்கு.
பச்சைக்காலி ஒன்று, தன் நிழலோடு சண்டை.
கல்திருப்பி ஆறு.
"ஏழு."
"அது கல்."
"கல் இல்லை."
"போன மாதமும் அங்கேதான் இருந்தது, சதா. கல்."

பந்தயம் ஒரு ஜோடி டால் பூரி.

பிறகு வெறும் காத்திருப்பு.
நீர் இறங்கியது. சேறு கறுத்து மினுங்கியது.
ரோஷ் புவா பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.
கல் கல்லாகவே இருந்தது.
பூரிக்கு எந்தச் சட்னி என்று
நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கிய ஒரு வீச்சு
படிவத்தைப் பிடுங்கியது, அவன் தொப்பியைப் பிடுங்கியது,
நாணலை ஒருபக்கமாக வாரிவிட்டது.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்.

பறந்தது.
முதுகில் வெள்ளைக் கோடு, சிறகுக்கொன்று.
பத்தடி தள்ளித் தாழ இறங்கி
ஒரு சிப்பியைப் புரட்டி
அடியில் என்ன என்று பார்த்தது.

சதாசிவென் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.
முழங்கால் சேற்றில் இறங்கிப்போய்
படிவத்தை மீட்டு வந்து நீட்டினான்.
கோடை என்ற கட்டத்தில்
நடுங்கிக்கொண்டே எழுதினேன், பதினான்கு.

பூரிக்கடை வரிசையில்
பையிலிருந்த போன மாதத் தாளை எடுத்துப் பார்த்தேன்:
பதினொன்று, என் கையெழுத்து.
பென்சில்தான். ரப்பரும் இருந்தது.
கடைக்காரர் இரண்டாம் முறையாகக் கேட்டார்,
எத்தனை ஜோடி?