வெளிக்குப் போதல்

ஊரின் பெயர் பீல். யாரும் சிரிக்க வேண்டாம்.
ஆறாம் மாதம் ஆஸ்பத்திரி அனுப்பிய கேள்வித்தாள்,
நாலு பக்கம்.
மலம் கழிக்க எத்தனை நிமிடம்?
கட்டங்கள், பூச்சியத்திலிருந்து நாலு வரை.

முதல் தடவை மகனைத்தான் கூட்டிப்போனேன்.
அகரனுக்குப் பதின்மூன்று வயசு.
"அம்மா, உங்கட கதிரை எப்பிடி இருக்கெண்டு கேக்கிறா."
ஜெர்மனில் கதிரைக்கும் அதற்கும் ஒரே சொல்.
நல்லாத்தான் இருக்கு, நாலு காலும் ஆடாது என்றேன்.
ஒன்பது வருசத்தில் அந்த விசயத்துக்கு
அன்றைக்குத்தான் சிரித்தேன்.

பிறகு தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
முகம் தெரியாத தவச்செல்வி.
"வெளிக்குப் போறது கஷ்டமோ அக்கா?"
அந்தச் சொல்லுக்கே அழுகை வந்தது.
விரலைப் பற்றி அவளிடம்தான் சொன்னேன்,
உள்ளே அழுத்தி வழி திறக்கும் என் விரல்,
கணவருக்கும் தெரியாதது.
கம்பியில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பஸ் நேரம் சொல்வதுபோல அவள் அதை ஜெர்மனில் சொன்னாள்.
டாக்டர் ஆம்ஸ்டுட்ஸ் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில் வெள்ளைக் களியை உள்ளே ஏற்றி
பிளாஸ்டிக் இருக்கையில் இருத்தி
முக்குங்கள் என்றார்கள்,
கண்ணாடிக்கு அப்பால் மூன்று பேர்.
திரையில் பார்த்தேன்:
சட்டைக் கை உள்பக்கம் இழுபடுவதுபோல்
குடல் தனக்குள்ளே தானே மடிந்தது.
அப்போ
கீரை தின்னாத குற்றமில்லை,
சோம்பலில்லை,
மாமி சொன்ன ஒன்றுமில்லை.

வயிற்றில் நாலு சின்ன ஓட்டை. ஒரு துண்டு வலை.
இழுத்து முதுகெலும்போடு தைத்தார்கள்.

நான் தொழிற்சாலையில் கடிகார வாருக்குத் துளை போடுகிறவள்.
ஏழு மணி வேலைக்கு
ஐந்தேகாலுக்குக் கக்கூஸ் கதவைச் சாத்துவேன்.
வீட்டில் அது ஒன்றுதான்.
கணவர் தட்டமாட்டார். இருமுவார்.

இப்போது பதினொரு நிமிடம்.
சில நாள் இருபத்தைந்து.
சில நாள் திடீர் அவசரம்,
பாதி வழியில் பஸ்ஸை விட்டிறங்கி ஏதாவது கடைக்குள் ஓட்டம்.
இரவில் ஒரு பை தூள் தண்ணீரில், இன்னும்.
இதற்கு எந்தக் கட்டம்?
இரண்டு போட்டேன், அழித்தேன், ஒன்று போட்டேன்.

போன ஞாயிறு சோலோத்தூர்னில் ஒரு சாமத்தியச் சடங்கு.
நடு வரிசையில் இருந்தேன்.
இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன்.
திரும்பக் கப்பலில் போவோம் என்றதும் நான்தான்,
ஆரே ஆற்றில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல்.
மேல்தட்டு, வெயில், ஒரு நாரை.
கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்காமலே ஏறியிருக்கிறேன்,
அது பாதி வழியில்தான் நினைவு வந்தது.

பக்கத்தில் கணவர் இருமினார்.
குளிருக்கு.