விகுதி

மொழிபெயர்ப்பவர் "நான்" என்றே பேசவேண்டும்.
"அவ சொல்லுறா, தனக்கு" என்று தொடங்கக்கூடாது,
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
ஆகவே செவ்வாய்க்கிழமை பின்னேரம்
ஓல்ட்டன் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
நான் படியில் விழுந்தேன்.
இடது முழங்கை, விலா, கழுத்தின் இரு பக்கமும்.

எத்தனை படி, என்று டொக்டர் எஷ்லிமான் கேட்டார்.
வதனரூபி தன் விரல்களைப் பார்த்தாள்,
எண்ணிக்கை அங்கே இருப்பதுபோல.
(என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
அதனால்தான் அவள்.)

வெளியே நடைபாதைக் கதிரையில்
அவளுடைய கோட்டையும் கைப்பையையும்
மடியில் வைத்தபடி கணவர்.
"எனக்கு டொச் வடிவாத் தெரியும், நானே சொல்லுவன்"
என்று வந்தவரை
"இங்குள்ள விதி அப்படி" என்று சிரித்துக்கொண்டே
கதவுக்கு அப்பால் வைத்தவர் இந்த டொக்டர்தான்.
அப்படியொரு விதி எழுதியிருக்கிறதா என்று
நான் இதுவரை கேட்டதில்லை.

காயத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தார்.
நாலரை சென்ரிமீற்றர். இரண்டு. மூன்று.
ஜன்னலில் ஆறும் இல்லை, பாலமும் இல்லை,
நவம்பர் மூடுபனி மட்டும்.

வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?
அவர்களிடம் பாதுகாப்புக்கும் நிச்சயத்துக்கும் ஒரே சொல்.
எங்களிடம் இரண்டு,
இரண்டும் அவளிடம் இல்லை.

கனநேரம் கழித்து,
"அவர் கொஞ்சம் கை நீட்டினவர்."

கை நீட்டினவர்.
அப்படியே டொச்சில் சொன்னால்
யாரோ கைகுலுக்க வந்ததுபோல் ஆகிவிடும்.
அடித்தார் என்றேன், நாலே சொல்லில்.
அந்த நாலு சொல்லிலும் எங்கேயும் "ர்" இல்லை.
அடி வாங்கிய வாயால் அவள் கொடுத்த மரியாதை
மேசைக்கும் கணினிக்கும் நடுவில் விழுந்தது.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உதவி மையத்திலிருந்து வந்த பெண்
தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் நீட்டினாள்.
"குடும்ப வண்முறை", பெரிய எழுத்தில்.
ஒரு சுழி கூடிவிட்டது.
வண்மை என்றால் கொடை.
வதனரூபியும் அதைக் கண்டாள்.
அன்று முதல்முறை அவள் உதடு கொஞ்சம் கோணியது,
உடனே வெடிப்பு வலித்து நின்றது.

"விசா அவற்ற பேரில."
அதற்கும் சட்டத்தில் வழி இருக்கலாம் என்றாள் அந்தப் பெண்,
ஆனால் ஆதாரம் கேட்பார்கள்,
ஆதாரம்தான் இப்போது எழுதுகிறோம்.
காப்பகத்தில் நாளை மத்தியானம்தான் கட்டில்.
இன்றிரவு?

டொக்டர் பேனையை மூடினார், திறந்தார்.
தலை சுற்றுகிறதா?
"இல்லை" என்றாள்.
இல்லை என்றேன்.
டொக்டர் மறுபடி, மெல்ல:
இன்றிரவு எங்கள் கண்காணிப்பில் வைத்திருக்குமளவுக்குத்
தலை சுற்றுகிறதா?

கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது,
கண்ணைக் காட்டக்கூடாது.
நானும் மெல்லவே சொன்னேன்.
சொல்லு பிள்ளை, ஓமெண்டு சொல்லு,
என்று தொண்டைக்குள் கிடந்ததை
விழுங்கினேன்.

"ஓம்."
ஓம் என்றேன்.
என் குரல் அவளுடையதைவிடச் சத்தமாக வந்தது,
அது பிழை.

வெளியில் இருப்பவரிடம் நாங்கள் பேசட்டுமா என்று தாதி கேட்டாள்.
வதனரூபி கதவைப் பார்த்தாள்.
"அவன் என்ர பாக்கை வச்சிருக்கிறான்.
அதுக்குள்ள என்ர பாஸ்போர்ட்."

அவன்.

எட்டு வருடக் கல்யாணத்தின் விகுதி
என் காதுக்குப் பக்கத்தில் உடைந்தது.
டொச்சில் சொன்னேன்.
அதே சொல்தான், காலையிலிருந்து அதே சொல்.
டொக்டர் தலையாட்டினார், தட்டச்சினார்.
அவர்கள் பக்கத்தில்
ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றேகால் மணித்தியாலம் என்று கையெழுத்திட்டேன்.
"விசேட அவதானிப்புகள்" என்ற பெட்டியை
வெறுமையாக விட்டேன்.

நடைபாதையில் எழுந்து நின்றார்.
தாதி பையை வாங்கிப் போயிருந்தாள்,
கோட்டு மட்டும் கையில், வடிவாக மடித்து.
"அக்கா, என்னவாம்?
அவவுக்குக் குளிரும், இதைக் குடுக்கட்டோ?"

எனக்கு எதுவும் சொல்ல அனுமதியில்லை என்றேன்,
டொச்சில்.
அந்த வசனத்துக்குள்
நீங்களும் இல்லை, நீயும் இல்லை.