பதினெட்டு எம்.எம்.

துபாயில் அந்த ராத்திரி
குத்துச்சண்டை பார்த்தவர்கள் பன்னிரண்டாயிரம் பேராம்.
நான் கேட்டவன்.

வளையத்துக்கு அடியில்
மூன்றரை அடி உயர இருட்டில்
ஸ்பேனரும் கையுமாக மல்லாந்து கிடப்பது என் வேலை.
கயிறு தளர்ந்தால் முறுக்க வேண்டும்,
பலகை விலகினால் ஆப்பு இறுக்க வேண்டும்,
தும்மக் கூடாது.
"டிவியில கேக்கும்" என்பார் ஷைஜு சேட்டன்.

மூக்குக்கு நேர் மேலே பதினெட்டு எம்.எம். பிளைவுட்,
அதன்மேல் ஒரு விரல்கடை பஞ்சு, அதன்மேல் கித்தான்,
கித்தானில் ஒரு வங்கியின் பெயர், ஒரு குளிர்பானத்தின் பெயர்.
அதற்கும் மேலே நடப்பதைப்
பலகை என்னிடம் மறைத்ததில்லை.

வெயில் முழுசாக இறங்காத ஆறு மணிக்கு
முதல் ஜோடி.
நாற்காலிகள் இன்னும் பாலிதீன் உறையில்.
அறிவிப்பாளர் பெயர்களை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார்.
ஒருவன் கானாக்காரன், க்வாபெனா என்று காதில் விழுந்தது.
மற்றவன் பெயர் மைக்கின் கரகரப்பில் போயிற்று.

பிறகு கால்கள்.
இடது முன்னே தொட்டது, வலது வந்து சேர்ந்தது.
தொட்டது, சேர்ந்தது.
காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்
உருண்டு உருண்டு ஓடுமே, அப்படி.

மூன்றாவது ரவுண்டு.
மற்றவன் முழுப் பலத்தோடு வீசினான்;
அவன் பின்னங்கால் பலகையைத் திருகியதில் தெரிந்தது.
அடி விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.
க்வாபெனாவின் குதிகால்
அரை அங்குலம் நகர்ந்திருந்தது.
அரை அங்குலம்!
ஓர் ஆளுயரக் கோபம்
அந்தச் சந்தில் நுழைந்து காற்றாகப் போனது.

தச்சன் நான், அரை அங்குலத்தின் விலை தெரியும்.
கைதட்ட எழுந்த கையை
ஸ்பேனரோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.
மேலே தட்டியது ஏழெட்டுப் பேர்,
அதில் பாதி நாற்காலி துடைப்பவர்கள்.

ஐந்தாவதில் அவன் வலது கால் லேசாக இழுத்தது,
மணலை உரசினாற்போல.
எதிராளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.
எனக்குத் தெரிந்தது.

பதினொன்றரைக்குப் பெரிய சண்டை.
கைப்பேசியில் கோமாளித்தனம் செய்து கோடி சேர்த்த பையனும்
ரிட்டயர்டு கால்பந்துக்காரர் ஒருவரும்.
முதலில் ஒட்டகம் வந்தது, பிறகு தீ வந்தது,
பிறகு புகை.
புகை மட்டும் கீழே என்னிடமும் வந்தது.

கடைசியில் கால்கள் வந்தன.
நாலு மூட்டை சிமெண்ட்.
இறக்கிவைத்த இடத்திலேயே இருந்தன.
கட்டிப்பிடித்தார்கள், நடுவர் பிரித்தார்,
மறுபடி கட்டிப்பிடித்தார்கள்.
அந்தச் சண்டையில் உழைத்தவை நடுவரின் கால்கள்.
மேலே பன்னிரண்டாயிரம் தொண்டைகள்.
எதற்கென்று பலகைக்கு விளங்கவில்லை.

நாலாவதில் ஒருவர் விழுந்தார்.
முழங்கால் முதலில், அப்புறம் இடுப்பு,
'உடையும் பொருள்' என்று எழுதிய பெட்டியை இறக்குவதுபோல.
குத்து விழுந்த சத்தம் அதற்கும் பிறகு வந்ததோ?
சத்தியம் செய்ய மாட்டேன்.
காதிலும் புகை போயிருக்கலாம்.

ஒன்றரை மணி, ஒன்பதாம் நம்பர் கேட்.
கேம்ப் பஸ்ஸில் ஏறப் போனவன் நின்றேன்.
முதுகுக்குப் பின்னால் தார்ச்சாலையில்
தொட்டது, சேர்ந்தது,
வலது லேசாக இழுத்தது.

முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன்.
புருவத்தில் பிளாஸ்திரி, கையில் ஐஸ் பை,
என்னைவிட வயசாளி.
ஹோட்டல் வேன் வரவில்லைபோலும்.

அவன் பாஷை எனக்கு வராது.
பஸ்ஸின் தகரத்தில் விரலால் தட்டிக் காட்டினேன்,
அந்த மூன்றாவது ரவுண்டை, அந்த அரை அங்குலத்தை.
முதலில் ஒதுங்கிப் போகப் பார்த்தான்.
பிறகு ஐஸ் பையைக் கீழே வைத்தான்.
இல்லை என்று தலையாட்டினான்.
வீங்கிய விரலால் அதே தகரத்தில்
அவனே தட்டினான்.

நடுவில் ஒரு தட்டு,
மிக மெல்லிசு,
பலகை எனக்குச் சொல்லாமல் விட்டது.

இன்னொரு தரம் என்றேன்.
டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.