அரைப்பேர்

புள்ளைக் காம்பராவில் மேசை போட்டார்கள்.
தொட்டில் கயிறுகளை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு
அதன் கீழே நான், முகக்கவசம், நீலப்பேனா,
நூற்றுப்பத்துப் படிவம்.
பட்டதாரிப் பயிலுனர் என்று கழுத்தில் அட்டை.
வெளியே மீற்றருக்கு ஒன்றாய்ச் சுண்ணாம்பு வட்டம்;
வட்டத்துக்குள் நிற்காமல்
வரிசை குளிருக்கு ஒட்டிக்கொண்டது.

படிவம் சிங்களத்தில்.
கேள்வி என் வாயில் தமிழாகும்,
பதில் என் கையில் சிங்களமாகும்.
ஒவ்வொரு தடவையும் இடையில் ஏதோ சிந்தும்,
கூட்டி அள்ள ஆளில்லை.

செக்ரோலில் பேர் இருந்தால் அது தொழில்.
தொழில் இருந்தால் நிவாரணம் இல்லை.
பேர் இல்லையென்றால் 'விவசாயி' என்று ஒரு கட்டம்.
அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்
உறுதி இலக்கம்.

தவமலர் வந்தபோது பத்தேமுக்கால்.
காலில் இறப்பர் சப்பாத்து, நகத்தில் மண்;
மண்ணோடு வந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
நாலு வருசத்துக்கு முன் பேர் வெட்டியது.
லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் கால் ஏக்கர்,
முழுக்க லீக்ஸ்.
தம்புள்ள பூட்டி இருபத்தாறு நாள்.
தப்பி வந்த ஒரு லொறிக்காரன்
கிலோ ஆறு ரூபா என்றானாம், சாக்கும் அவளே தரவேண்டுமாம்.
"வெட்டுக்கூலிக்கே காணாது, விட்டுட்டேன்.
இப்ப பூத்திருச்சு.
லீக்ஸ் பூத்துப் பாத்திருக்கீங்களா?
பந்து பந்தா நிக்குது. நானே இப்பத்தான் பாக்கிறேன்."

உறுதி இருக்கா என்று கேட்டேன்.
"எதுக்கு?"
காணிக்கு.
"காணி உறுதியாத்தான் இருக்கு.
போன மழைக்கு ஒரு வரப்புகூட இடியல."
வரிசை சிரித்தது.
அடுத்த படிவத்தை எடுக்கப் போன கை
அங்கேயே நின்றது.

ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் மானாப்புல்.
உடையவர் கண்டியில்.
அவர் வரவில்லை, வரத் தேவையுமில்லை;
உறுதியின் பிரதி முதல் நாளே வந்துவிட்டது
பிளாஸ்டிக் உறையில், இரண்டு முத்திரையோடு.
ஏக்கர்க் கணக்கில் தொகை போட்டபோது
புல்லைப் பற்றிக் கேட்க ஒரு கட்டமும் இருக்கவில்லை.

"இருக்கிறத எழுதுங்க."
எழுதினேன்.
ஓடைக்குக் கிழக்கு. பதினெட்டுப் பாத்தி.
நிலம் தோட்டத்துடையது, செய்கை இவளுடையது.
எழுத்து கட்டத்தைத் தாண்டி
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற இடத்தில் போய் இறங்கியது.
திலகசிறி மாத்தயா வாசித்தார்.
கெட்ட மனிதரல்ல.
மூச்சை இழுத்து விட்டு
சிவப்பில் ஒரு சுழி போட்டார்.

முதல் பட்டியலில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.
மூன்றாவது ஜூன் முடியும்போது வந்தது.
கணினி எழுத்து. பெயருக்கு ஒதுக்கிய இடம் குட்டை போலும்.
முப்பத்தொன்பதாவது வரி:
சின்னையா தவம.
அவ்வளவுதான். மிச்ச எழுத்து கொழும்பில் எங்கேயோ.

கந்தப்பளைத் தபால்கந்தோரில்
அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.
ஏழு கட்டை நடந்து திரும்பியவள்
கடதாசியை என் முன்னால் வைத்து விரலால் நீவினாள்.
"கொழுந்து குறைஞ்சா அரைப்பேர் போடுவாங்க.
கங்காணி மூஞ்சிக்கு நேராச் சொல்லித்தான் போடுவாரு.
இது யாரு போட்ட அரைப்பேர்?"

கடிதம் எழுதினேன்.
அதற்கு ஆதாரமாய் இன்னொரு கடிதம் கேட்டு
ஒரு கடிதம் வந்தது.

பதினேழு பாத்தியைப் புரட்டிப்போட்டாள்.
ஒன்றை விதைக்கு விட்டிருக்கிறாள் என்று கேள்வி.
நான் போய்ப் பார்க்கவில்லை;
வழி தெரியாமல் அல்ல.

இருபத்தைந்தாம் திகதி என் கணக்கில் இருபதாயிரம்.
எந்தப் படிவமும் நான் நிரப்பவில்லை.
குறுஞ்செய்தியில் என் பெயர்
முழுசாக இருந்தது,
தகப்பனின் முதலெழுத்தும்
அதற்குப் பிறகு ஒரு புள்ளியுமாக.