மூன்று வினெத்தாக்கள்

லியெபாயா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் எனக்கொரு கண்ணாடி அறை.
காற்று கூடினால் கிரேனை நிறுத்து என்பார்கள்.
இந்த ஊரில் காற்று கூடாத நாளைத்
தேடித்தான் பிடிக்க வேண்டும்.
அப்போது கையுறையைக் கழற்றிவிட்டு
கைபேசியில் என்னை மேய்க்கிறேன்.

முதலாமவள்
பட்டுச் சட்டை, முத்துத் தோடு.
ரீகாவில் இரண்டு பூக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள்.
வரி கட்டும் தேதி அவளுக்குத் தப்பாது.
அவள் பக்கத்தில் கிரேன் என்ற சொல்லே கிடையாது.
கிரீஸ் விரல்களை நம்பி
யார் கொடுப்பார் ரசீதுக் கட்டை?

இரண்டாமவள்
ஆரஞ்சு மேலங்கி, தலைக்கவசம்,
எண்பது டன் தூக்கும் உரிமம், அப்பா வழிக் குடும்பப்பெயர்.
படத்தில் சிரிக்கவில்லை.
சிரித்தால் முன்னவளின் தெற்றுப்பல் தெரிந்துவிடும்.

ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ஆள் மாறி
பூக்கடைக்காரிக்கு எழுதிவிட்டேன்:
'கொக்கி இறங்குகிறது, யாரும் கீழே நிற்க வேண்டாம்.'
அவள் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினாள்.

மூன்றாமவளை நான் மேய்ப்பதில்லை.
அவள் தன்பாட்டில் திரிகிறாள்.
உருக்காலையின் சம்பளப் பிரிவு அதிகாரி.
ஆலையை மூடி, உலையையே வெட்டி
பழைய இரும்பாக விற்றாயிற்று.
அந்த மின்னஞ்சல் முகவரியில் இப்போது யாரோ
மெத்தை விற்கிறார்கள்.
கடவுச்சொல் மறந்ததா, புதிது அனுப்பிவிட்டோம் என்கிறது தளம்.
போய்ச் சேர்வது மெத்தைக்காரனுக்கு.
ஆகவே அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள்.
இந்தச் செப்டம்பரோடு பதினெட்டு ஆண்டுகள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அவள் பக்கம்.
எங்கள் இருவரையும் கூட்டினால் தொண்ணூறு தேறும்.

ஆலையில் என் வேலையே
பேய்ச் சம்பளம் பிடிப்பதுதான்.
ஆளில்லாத பெயர்கள்,
ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள்.
சிவப்புப் பேனாவால் நான் அடித்ததில் ஒன்று
இரண்டாம் உலை குந்திஸ் வீத்தோல்ஸ்.
பகலில் தன் பெயரில், இரவில் மைத்துனன் பெயரில்.
இரண்டு ஷிப்டும் அவன் நிஜமாகவே உழைத்தான் என்பது
பிறகு தெரிந்தது.
பேரேட்டில்
பிறகு என்றொரு பத்தி இல்லை.

ஆண்டுதோறும் மூன்றாமவளை
முதலில் வாழ்த்துவது அவன்தான்.
கேலியா, விரலின் பழக்கமா, தெரியாது.
அடுத்தவர் வீட்டுக் கடிதம்போல
வெளியே நின்று படிக்கிறேன்.

நேற்று தளம் முதலாமவளிடம் சொன்னது:
இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.
நீளக் கூந்தலோடு மூன்றாமவள்.
அழைப்பு அனுப்பினேன்.
நிலுவையில் இருக்கிறது.

இன்று காலை ரேடியோவில் மேற்பார்வையாளர் ராய்விஸ்
'கொஞ்சம் இறங்கி வா' என்றார்.
'ராத்திரி உன் பக்கத்தைப் பார்த்தேன்.'
எந்தப் பக்கத்தை என்று கேட்க வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.
இருநூற்று ஆறு படிகள்.
படிக்கொரு பொய் தயாரித்து
அடுத்த படியில் அதையே அடித்துக்கொண்டு வந்தேன்.

கீழே அவர் மேலங்கிக்குள்ளிருந்து
ஒரு ரொட்டிப் பையை எடுத்தார்.
உள்ளே கசங்கிய ரசீதுகள்.
மனைவியின் தேன் வியாபாரமாம்,
மூன்று வருடமாக வரியே கட்டவில்லையாம்.
'உனக்கு இதெல்லாம் வருமாமே'
என்று கப்பலைப் பார்த்துச் சொன்னார்.
வாங்கிக்கொண்டேன்.
மேல் தாளில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும்
குந்திஸின் பெயரைத் தேடினேன்.
இரண்டு பேர் கிடைத்தார்கள்.
ஒருவன் ரீகாவில் பேருந்து ஓட்டுகிறான்,
மற்றவன் பிரேமனில் வெல்டர்.
ஒரே முகம்.
எங்களில் யார் எழுதுவது, அவர்களில் யாருக்கு
என்று முடிவாவதற்குள்
காற்று தணிந்துவிட்டது.
கையுறையை மாட்டு என்கிறது ரேடியோ.