ஆடாத மேசை

வீடு நின்றது கடலுக்குள், பதினேழு மரக்கால்களில்.
தண்ணீர் ஏறினால் படகு,
வடிந்தால் சேற்றில் நிற்கும் கொக்கு.
சிலோயே தீவில் இது வாடிக்கை.
கதவைத் திறந்தபடியே சொன்னாள் ரொசெந்தா நவெல்கின்:
"மேசை வேண்டும். ஆடக் கூடாது."

ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன்.
குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.
கோலிக்குண்டு கேட்டேன்.
இல்லையென்று ஒரு பட்டாணி தந்தாள்.
அடுப்படியில் விட்டேன். யோசிக்கவேயில்லை அது,
மூலைவாட்டில் உருண்டு
கடல் பார்த்த ஜன்னலடியில் போய் நின்றது.
அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பட்டாணி,
ஒரு பொத்தான்,
அவள் கணவன் எலெயுத்தேரியோ
ஒரு மாதமாய்த் தேடிய திருகாணி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடம் கோணல்தான்,
சத்தியமாகக் கோணல்தான்.
ஆடாமலிருக்கத் தெரிய வேண்டும் என் மேசைக்கு.

நாலு கால், நாலு அளவு:
எழுபத்தொன்று.
எழுபத்திரண்டே கால்.
எழுபத்து மூன்றரை.
எழுபத்து நாலே முக்கால்.
காலுக்குள்ளேயே காலும் முக்காலும் வந்து நின்றதில்
மூன்று முறை தப்பாய்க் குறித்தேன்.

மரம் மான்யோ. வெண்ணெய் நிறம்.
இழைப்புளி சறுக்கினால் காதோரம் ஒரு பெருமூச்சு,
முழங்கை வரை சுருள்.
கழுந்தைத் துளையில் இறக்கிக் கொட்டாப்புளியால் தட்டினேன்.
டொக், டொக், டொக்.
பிறகு ஒருமுறை 'தம்' என்றது.
அதற்குமேல் தட்டுகிறவன் தச்சனில்லை.

பட்டறையின் சமதரையில்
சறுக்குமரம்போல் நின்றது மேசை.
"குடித்துவிட்டுச் செய்தாயா?" என்றான் மீன்வண்டிக்காரன்.
ரொசெந்தா வீட்டிலோ
விளிம்புவரை ஊற்றிய தண்ணீர்
விளிம்புவரையே நின்றது.
பசுவைத் தட்டுவதுபோல் பலகையைத் தட்டினாள்.
கூலி பாதி பணம், பாதி புகைபோட்ட சிப்பி.

ஆறு வருஷம் அவர்கள் சாப்பிட்டார்கள்.
நான் அந்த அளவுகளை மறந்தும் போனேன்.

பிறகு படகுத்துறை அகலமாக வேண்டும் என்றார்கள்.
தீவுக்காரர்கள் வீட்டை விட்டுவிட்டுப் போவதில்லை,
வீட்டோடு போவார்கள்.
கரையேற்றப் பன்னிரண்டு ஜோடி எருது,
நாற்பது பேர், எண்ணெய் பூசிய உருளைக்கட்டைகள்.
வளைகுடாவைக் கடந்து மிதந்து போனது வீடு.
பின்னாலேயே ஒரு சின்னப் படகில் மேசை,
மல்லாந்து, நாலு காலும் நாலு உயரத்தில்
வானத்தைக் காட்டிக்கொண்டு.

புது இடத்தில் தூண்களை
ரசமட்டம் வைத்து நட்டார்கள், பாவிகள்.

"சூப் ஒரு பக்கமாய் ஒதுங்குகிறது" என்றாள் தொலைபேசியில்.
"ஆடுகிறதா?"
"ஆடவில்லை. சாய்கிறது."

ரம்பத்தோடு போனேன்.
பென்சில் கோடும் போட்டாயிற்று.
எலெயுத்தேரியோ குறுக்கே கை நீட்டினான்.
"பொறு. வீட்டுக்கு இங்கே இன்னும்
உட்காரப் பழகவில்லை.
அடியில் இருப்பது சேறு."

ஆகவே செருப்புத் தைத்தேன், மரத்தில்.
குட்டைக்காலுக்கு மூன்றே முக்கால்,
அடுத்ததற்கு இரண்டரை, அடுத்ததற்கு ஒன்றே கால்.
நெட்டைக்கால் வெறுங்கால்.
வீடு தாழத் தாழ
வந்து சீவித் தருவதாய்ப் பேச்சு.

முதல் குளிர்காலம் முடிந்ததும் போனேன்.
பட்டாணியை நடுக்கூடத்தில் வைத்தேன்.
மூவரும் குனிந்து பார்த்தோம்.
கொஞ்சம் நின்றது.
ஜன்னல் பக்கம் போகவில்லை;
பின்னால் திரும்பி, மெதுவாக,
அடுப்பை நோக்கி உருண்டது.

முதலில் சிரித்தவள் ரொசெந்தாதான்.
மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்டோம்.
செருப்புகளில் நகக்கனம்தான் சீவ வேண்டியிருந்தது.
அவள் கத்தி கீறிய விளிம்பு ஒரு பக்கம்,
அவன் முழங்கை கறுத்த விளிம்பு எதிர்ப்பக்கம்;
இருவரும் தத்தம் விளிம்போடு இடம் மாறினார்கள்.
இத்தனை வருஷம் முதுகில் இருந்த கடல்
இப்போது அவன் முகத்துக்கு நேரே.
"எனக்குப் பார்த்தது போதும்" என்று
அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தாள் அவள்.

பட்டாணி அடுப்புக்கடியில் போய்விட்டது.
யாரும் எடுக்கவில்லை.